பரவாயில்லைக்கு மூன்று

786

உப்பனாற்றுமேடு,
வேளாங்கண்ணி வழி.
12.6.2006

தஞ்சாவூர் கம்ப்யூட்டர் அலுவலகத்து அதிகாரி அவர்களுக்கு,

உப்பனாற்றுமேடு மீரா உசேன் எழுதுவது. இது நான் என் கையால் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் கடிதம் என் மனைவி சைத்தூன் பீவிக்கு. அவள் அடுப்படியில்தான் இருந்தாள். இருந்தாலும் தபாலில் போட்டேன். இரண்டாவது அபுதாபியில் இருக்கும் மகன் ஜாபிருக்கு.

எனக்கு அறுபத்தெட்டு வயது. சவூதியில் தமாமில் பதினேழு வருடம் சமையல் வேலை பார்த்தேன். அந்தப் பதினேழு வருடமும் நான் சொல்லச் சொல்ல வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர், கூட வேலை பார்த்த அதிராம்பட்டினத்து நௌஷாத். சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்துப் புயல் காப்பகத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு வைத்தார்கள். மூன்று ஊர்க்காரர்கள் முப்பது பேர் சேர்ந்தோம். ழகரம் வர எனக்கு இரண்டு மாதம் ஆனது. இப்போது நன்றாக வருகிறது. மழை, வாழை, கிழவன். பாருங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மாசி மாதம் குடிநீர்த் திட்டத்துக்குப் படிவம் கொடுத்தார்கள். ஊருக்கு ஒருவர் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். எங்கள் ஊரில் நான் எழுதினேன். அறுபத்திரண்டு வீடு, எட்டு நாள். "உங்கள் வீட்டுக் குடிநீர் எப்படி இருக்கிறது?" என்று கேள்வி. பதிலுக்கு ஒரு கோடு போட்டிருந்தது. எழுத வேண்டிய ஐந்து சொல்லையும் கூட்டத்தில் வாயால் சொன்னார்கள். நாற்பத்தேழு வீட்டில் மொசம் என்றும் மிக மொசம் என்றும் சொன்னார்கள். அப்படியே எழுதினேன். கடல் வந்து போனதிலிருந்து எங்கள் கேணித் தண்ணீரில் பருப்பு வேகாது.

நேற்றுப் பஞ்சாயத்து ஆபீசில் பட்டியல் ஒட்டினார்கள். யாரையும் கேட்காமல் நானே படித்தேன். குழாய் வரும் நாற்பது ஊரில் எங்கள் ஊர் இல்லை. இரண்டாவது தாளில் இருந்தது. உப்பனாற்றுமேடு, 3.06 என்று. இந்த எண் எங்கிருந்து வந்தது? நான் எண் எதுவும் எழுதவில்லையே. படிவத்தின் அடியில் உங்கள் விலாசம் அச்சடித்திருந்தது. அதனால் உங்களைக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கா. மீரா உசேன்


தஞ்சாவூர்.
21.6.2006

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் அலுவலகம் படிவங்களைக் கணினியில் ஏற்றித் தரும் வேலையை மட்டுமே செய்கிறது.

சொற்களைக் கூட்டவோ வகுக்கவோ முடியாது. ஆகவே எக்செல் தாளில் ஒரு சிறு அட்டவணை வைத்திருக்கிறோம். மிக நன்று 5, நன்று 4, பரவாயில்லை 3, மோசம் 2, மிக மோசம் 1. படிவத்தில் உள்ள சொல்லை உள்ளபடியே அடிப்போம். கணினி அதை அட்டவணையில் தேடி, எதிரே உள்ள எண்ணை எடுத்துப் போடும். பிறகு ஊர்வாரியாகச் சராசரி பார்க்கப்படும். சராசரி மிகக் குறைவாக வந்த நாற்பது ஊர்கள் தேர்வாகின. தங்கள் ஊரின் சராசரி 3.06. அதாவது, பரவாயில்லை.

ஆட்சேபணை இருந்தால் ஆகஸ்ட் 31-க்குள் திட்ட அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
செ. மங்களாம்பிகை
டேட்டா என்ட்ரி பிரிவு

(கையால்) உங்கள் கையெழுத்து மிகத் தெளிவாக இருக்கிறது, ஐயா.


786

உப்பனாற்றுமேடு.
28.6.2006

மங்களாம்பிகை அம்மாவுக்கு,

என் பெயருக்கு ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வருவது இதுதான் முதல் தடவை. தபால்காரர் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன், பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்குள் முடித்துவிட்டேன். கடைசியில் கையால் எழுதியிருந்ததைச் சைத்தூனுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

சொல்லுக்கு எண் போடுவது எனக்குப் புரிகிறது. என் கடிதத்தின் தலையில் 786 என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? அது பிஸ்மில்லாவின் எண், எதையும் தொடங்கும் முன் நாங்கள் சொல்லும் வசனம். அதிலுள்ள அரபு எழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் இது வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் 786-ஐப் பார்ப்பவருக்கு எண் தெரியாது, அந்த வசனம்தான் காதில் கேட்கும். உங்கள் 3.06-ஐப் பார்ப்பவருக்கு எங்கள் வீடுகளில் சொன்னது கேட்குமா?

சைத்தூனுக்குக் காலில் நீர் கோத்திருக்கிறது. உப்புத் தண்ணீர் ஆகாது என்று நாகப்பட்டினம் டாக்டர் சொன்னார். லாரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. அது சோற்றுக்கே போதாது. நேற்று அவள் என்னைக் கேட்டாள்: "உங்களுக்கு எழுதத் தெரியாதப்ப நம்ம ஊரு தண்ணி உப்பா இருந்துச்சு. நீங்க எழுதினதும் இனிச்சுப்போச்சாக்கும்?"

நாற்பத்தேழு வீட்டில் மொசம். பதினொரு வீட்டில் பரவாயில்லை. நான்கு வீட்டில் நன்று. அவர்கள் கேன் தண்ணீர் வாங்குகிறவர்கள். இதைக் கூட்டினால் மூன்றுக்கு மேல் எப்படி வரும்? நான் விரல் விட்டே பார்த்துவிட்டேன். என் தாள்களை எடுத்து ஒரு தடவை பாருங்கள் அம்மா.

மீரா உசேன்


தஞ்சாவூர்.
10.7.2006

ஐயா,

இது அலுவலகக் கடிதம் அல்ல. நான் தனியாக எழுதுகிறேன்.

உங்கள் அறுபத்திரண்டு படிவங்களையும் கட்டிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மூன்று நாளாக இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சொல்லாமல் விடுவது அதைவிடத் தவறு.

மோசம் என்று எழுத, மகரத்துக்கு முன் வரும் கொம்புக்கு இரண்டு சுழி வேண்டும். நீங்கள் ஒரு சுழிக் கொம்பு போட்டிருக்கிறீர்கள். 'மொசம்' என்று இருக்கிறது. நாற்பத்தேழு படிவத்திலும் அப்படித்தான். மற்ற எழுத்தெல்லாம் சரி. மனிதர் யார் படித்தாலும் மோசம் என்றுதான் படிப்பார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் உள்ளபடியே அடிக்க வேண்டும் என்பது விதி. கணினி அட்டவணையில் 'மொசம்' இல்லை. தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்று ஒரு குறி போட்டது.

அதோடு நின்றிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். தாளில் அப்படி நிறையக் குறிகள் இருந்தன. மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டும். எங்கள் மேலாளர் தியாகராசன் சார், "கெடைக்காததுக்கெல்லாம் நடுவுல மூணு போட்டுரும்மா. கூடவும் இல்ல, கொறைச்சலும் இல்ல. யாரு கேக்கப்போறா?" என்றார். போட்டது நான். ஒரு சூத்திரம் எழுதி எல்லா வரிக்கும் இழுத்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

உங்கள் எழுத்தைத் திருத்திப் போட்டுப் பார்த்தேன். மோசம் முப்பது, மிக மோசம் பதினேழு. சராசரி 2.03 வருகிறது. நாற்பதுக்குள் நிச்சயம் வந்திருக்கும்.

மன்னியுங்கள்.

மங்களாம்பிகை


786

உப்பனாற்றுமேடு.
9.8.2006

அம்மாவுக்கு,

ஒரு மாதமாகப் பேனாவைத் தொடவில்லை. பேனா மேல் கோபம் இல்லை. கை போகவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே புயல் காப்பகத்துக்குப் போனேன். நாங்கள் படித்த சுவரில் எதிர்ச்சொற்களைப் பெயிண்டால் எழுதியிருப்பார்கள். மேல், கீழ். பகல், இரவு. நல்லது, மோசம். பெஞ்சின் மேல் ஏறி விரலால் தடவினேன். உப்புக் காற்றில் பெயிண்ட் உரிந்திருக்கிறது. மேல் சுழி இருந்த தடம் சுண்ணாம்பில் தெரிகிறது, நிறம் இல்லை. அதைப் பார்த்துத்தான் எழுதிப் பழகினேன். நீங்கள் முதல் கடிதத்திலேயே சரியாக எழுதியிருந்தீர்கள். அதை எத்தனையோ தடவை படித்தேன். கண்ணில் படவில்லை.

சைத்தூனிடம் மட்டும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "சனங்க வாயால சொன்னாங்க, நீங்க கையால எழுதினீங்க, மிஷினு நம்பராக்கிருச்சு. இதுல தண்ணிய யாருங்க வாயில ஊத்திப் பாத்தா?" என்று கேட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போனாள். கால் வீங்கி, செருப்பு போட முடியவில்லை. நான் குடத்தை வாங்கப் போனேன். தரவில்லை.

ஊரில் இன்னும் யாருக்கும் தெரியாது. டீக்கடையில் இப்போதும் என்னை, "வாங்க கலெக்டரே" என்றுதான் கூப்பிடுகிறார்கள். முன்பு அது சந்தோஷமாக இருந்தது.

முப்பத்தொன்றாம் தேதிக்குள் எழுத வேண்டும் என்றீர்கள். என்ன எழுத வேண்டும் என்று சொல்லுங்கள்.

மீரா உசேன்


தஞ்சாவூர்.
12.8.2006

ஐயா,

உங்கள் கடிதம் வராத ஒரு மாதமும் தபால் கட்டை நான்தான் முதலில் பிரித்துப் பார்த்தேன்.

இப்படி எழுதுங்கள். 'உப்பனாற்றுமேட்டுப் படிவங்களை நிரப்பியவன் நான். நாற்பத்தேழு படிவங்களில் மோசம் என்ற சொல்லைப் பிழையாக எழுதிவிட்டேன். சரிபார்த்து மறு கணக்கெடுப்பு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' உங்கள் கையெழுத்து, ஊர் ஜமாஅத் தலைவர் கையெழுத்து. எனக்கு அனுப்புங்கள், நானே திட்ட அலுவலகத்தில் நேரில் கொடுத்து ரசீது வாங்கிவிடுகிறேன்.

இன்னொன்று. இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த மூன்றைப் பற்றி அதில் எழுத வேண்டாம். எனக்கு மஸ்கட்டில் ஒரு வேலை கிட்டத்தட்ட முடிவாகியிருக்கிறது. இரண்டு வருட அனுபவச் சான்று கேட்கிறார்கள். தர வேண்டியவர் தியாகராசன் சார். அம்மாவும் நானும் பாபநாசத்தில் மாமா வீட்டு மாடியில் ஒண்டியிருக்கிறோம். நான் போனால்தான் அம்மா அங்கிருந்து இறங்க முடியும்.

பிழை உங்களுடையது என்று மட்டும் இருந்தாலே உங்கள் ஊருக்கு மறு கணக்கெடுப்பு கிடைத்துவிடும். அதற்கு மூன்று தேவையில்லை.

உங்களைக் குற்றவாளியாக்கி நான் ஒளிந்துகொள்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

மங்களாம்பிகை


786

உப்பனாற்றுமேடு.
19.8.2006

அம்மாவுக்கு,

நேற்று வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் எல்லாரையும் உட்காரச் சொல்லி, நீங்கள் சொன்னபடி எழுதியதை நானே நின்று படித்தேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. ஒரு சுழியால் குழாய் போகுமா என்று கேட்டார்கள். போகும், மிஷினுக்குப் புரியாமல் மூன்று விழுந்துவிட்டது என்றேன். பிறகு பின்னாலிருந்து ஒருவர், "பேசாம ரேகையே வச்சிருக்கலாம் மாமா" என்றார். சிலர் சிரித்தார்கள். தலைவர் கையெழுத்துப் போட்டார். இன்று டீக்கடையில் என் பெயர் மாறிவிட்டது. "மூணு மாமா". அது கிடக்கட்டும்.

நீங்கள் ஒளிவதாக எழுதியிருந்தீர்கள். பிழை என்னுடையதுதானே. அதை எழுத எனக்கு யாருடைய சொல்லும் வேண்டாம். மூன்றைப் பற்றி எழுதாமல் அனுப்புவதாகத்தான் இருந்தேன்.

ஆனால் நேற்றுச் சாயங்காலம் ஜன்னத் பீவி வந்தார். கொல்லைமேட்டுக்காரர், என்னோடு படித்தவர், என்னை அண்ணன் முறையில் காக்கா என்பார். அவர் ஊர்ப் படிவங்களை அவர்தான் எழுதினார். பள்ளிவாசலில் நான் படித்தது அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. முற்றத்தில் உட்கார்ந்து, குச்சியால் மணலில் அந்தச் சொல்லை எழுதிக் காட்டினார். ஒரு சுழி. "காக்கா, நானும் இப்புடித்தான எழுதினேன். எங்க ஊருக்கும் மூணுதான போட்டிருக்கும்?" என்றார்.

அம்மா, நாங்கள் முப்பது பேர் ஒரே சுவரைப் பார்த்துப் படித்தவர்கள். மூன்று ஊர். இன்னும் வேறு ஊர்களில் வேறு சொல்லைப் பிழையாக எழுதியவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியும். இப்போது எனக்கும் தெரியும்.

அதனால் இரண்டு மனு எழுதியிருக்கிறேன். இரண்டு நாள் வேலை அது. ஒன்று நீங்கள் சொன்னபடி. இன்னொன்றில், கணினியில் கிடைக்காத சொல்லுக்கெல்லாம் மூன்று போடப்பட்டது, எல்லா ஊரையும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். உங்கள் பெயர் அதில் இல்லை. ஆனால் கேட்டால் யார் என்று தெரிந்துவிடும். இரண்டிலும் கையெழுத்துப் போட்டு இந்த உறையில் வைத்திருக்கிறேன்.

எதைக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் வீட்டை விட்டுத் தமாமுக்குப் போனவன்தான். அது எதற்கு என்று தெரியும். உங்கள் அம்மா மாடியில் இருக்கிறார்கள். ஜன்னத் பீவி மணலில் எழுதியதை நான் இன்னும் அழிக்கவில்லை. நீங்கள் எதைக் கொடுத்தாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

மீரா உசேன்


பாபநாசம்.
4.9.2006

ஐயா,

இதைக் கையால் எழுதுகிறேன். இனி எனக்கு அலுவலகக் கணினி இல்லை.

இரண்டு மனுவையும் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் பஸ்ஸில் போய் வந்தேன். முப்பதாம் தேதி மத்தியானம் தாளை மறுபடி திறந்து, மூன்று போட்ட வரிகளை மட்டும் தனியாகப் பிரித்தேன். நானூற்றுப் பன்னிரண்டு வரி. ஒன்பது ஊர். ஒவ்வொரு வரியிலும் எழுதியவர் என்ன எழுதியிருந்தார் என்பது பக்கத்துக் கட்டத்தில் அப்படியே இருக்கிறது. படித்தால் எல்லாமே புரிகிறது, ஐயா. 'றொம்ப மோசம்.' 'மோஷம்.' 'வாயில் வைக்கமுடியாது.' அதற்கும் மூன்று போட்டிருக்கிறேன்.

அச்செடுத்து, உங்கள் இரண்டாவது மனுவோடு சேர்த்து, மறுநாள் கொடுத்தேன். அடியில் என் பெயரை எழுதினேன்.

தியாகராசன் சார் சத்தம் போடவில்லை. "நீ நல்ல புள்ளதாம்மா. ஆனா நாளையிலேருந்து வராத. சர்டிபிகேட் கேட்டும் வராத" என்றார். மஸ்கட் போய்விட்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. விடுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

முதல் மனு என்னிடம் இருக்கிறது. கிழிக்க மனம் வரவில்லை.

மங்களாம்பிகை


786

உப்பனாற்றுமேடு.
27.11.2006

மகள் மங்களாம்பிகைக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. முடிவு தெரிந்தபின் எழுதலாம் என்று இருந்தேன். நீங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா? சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கும்பகோணத்தில் ஒரு கணக்கு ஆபீசில் உங்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று நோன்பு முழுவதும் துஆ செய்தேன். கும்பகோணம் என்று நானாகத்தான் முடிவு செய்தேன். பாபநாசத்துக்கு அதுதான் பக்கம்.

நோன்பில் இருபதாம் நாள் ஜீப் வந்தது. இரண்டு அதிகாரிகள். இந்தத் தடவை ஊர்க்காரர் யாரும் எழுதவில்லை. அவர்களே வீடு வீடாக வந்தார்கள். எங்கள் வீட்டில் பெரிய அதிகாரி உட்கார்ந்து, "பெரியவரே, தண்ணி எப்படி இருக்கு? அஞ்சுல ஒண்ணு சொல்லுங்க" என்றார். சைத்தூன் உள்ளே போய்க் கேணித் தண்ணீரை ஒரு தம்ளரில் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள். அவர் ஒரு மடக்குக் குடித்தார். துப்புவதற்கு எழுந்தார். எங்களைப் பார்த்ததும் வெட்கப்பட்டு விழுங்கிவிட்டார். பிறகு கேள்வி கேட்கவில்லை. எழுதினார். நானும் அவர்களோடு போனேன்; அடுத்த வீட்டில் நாங்கள் போவதற்கு முன்பே தம்ளர் தயாராக இருந்தது. ஊரே அப்படிச் செய்துவிட்டது. எட்டாவது வீட்டில், "போதும் தாயி, நம்புறேன்" என்று கும்பிட்டார்.

போன வாரம் புதுப் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் ஊர் இருக்கிறது. கொல்லைமேடு இருக்கிறது. நீங்கள் பிரித்த ஒன்பது ஊரில் புதிதாக உள்ளே வந்தவை வகுப்பில் படித்தவர்களின் மூன்று ஊர்தான். பங்குனிக்குள் குழாய் என்கிறார்கள். ஜன்னத் பீவி வட்டிலப்பம் செய்து கொண்டுவந்தார். டீக்கடையில் இரண்டு நாள் என்னிடம் காசு வாங்கவில்லை. உங்களுக்கு என்ன எழுதுவது என்று அந்த இரண்டு நாளும் சந்தோஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் வேளாங்கண்ணி பஸ்ஸில் மருதையனைப் பார்த்தேன். தாழங்கொல்லைக்காரர். கடைமடையில் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பாய், ஒங்க ஊருக்கு வந்துருச்சாம்ல. நல்லது. எங்க ஊரு போயிருச்சு" என்றார். எனக்குப் புரியவில்லை. நாற்பது ஊர் என்ற கணக்கை அவர்கள் மாற்றவில்லையாம். மூன்று ஊர் உள்ளே வந்தால் மூன்று ஊர் வெளியே. தாழங்கொல்லை முப்பத்தொன்பதாவது இடத்தில் இருந்ததாம். இப்போது நாற்பத்திரண்டு. மருதையன் கோபமாகச் சொல்லவில்லை. "ஒங்க ஊரு எங்களவிட மோசம்னா, அது ஞாயந்தானே" என்றார்.

நான் என் ஊரில் இறங்கவில்லை. அவரோடு தாழங்கொல்லைக்குப் போனேன். அவர் வீட்டில் தண்ணீர் கேட்டேன். அவர் மனைவி மோர் கொண்டுவந்தார்கள். மோர் வேண்டாம், தண்ணீர் கொடுங்கள் என்றேன். குடித்தேன். எங்கள் கேணியில் உப்பு. அங்கே உப்போடு சேற்று வாடையும் இருக்கிறது. மகளே, பட்டியலில் எங்களுக்கு நீங்கள் சொன்ன அதே 2.03, அவர்களுக்கு 2.31. அந்த இரண்டுக்கும் நடுவில் நாக்குக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உங்கள் எண் இந்தத் தடவை சரியாகத்தான் இருக்கிறது. யாரும் தவறு செய்யவில்லை. அப்படியும் அந்த அம்மா அந்தத் தண்ணீரில்தான் உலை வைத்திருந்தார்கள்.

சைத்தூனிடம் சொன்னேன். குழாய் வரும் சந்தோஷத்தில் இருந்தவள் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "அவங்களுக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க. ஒங்களுக்குத்தான் எழுத வருதுல்ல" என்றாள்.

மருதையனும் அவர் ஊர்க்காரர்கள் நான்கு பேரும் நேற்று வந்து தரையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஐந்து சொல்லில் எதையும் போடவில்லை. எத்தனை வீடு, எந்தக் கேணி, குடித்தால் என்ன செய்கிறது என்று எழுதியிருக்கிறோம். நான்கு பக்கம் வந்துவிட்டது. கீழே எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மேலே மட்டும் காலியாக இருக்கிறது.

பிழை எதுவும் இல்லாதபோது மனுவை யாருக்கு எழுத வேண்டும்? அதை மட்டும் எனக்குத் தெரிவியுங்கள். அவர்கள் நாளைக்கும் வருவார்கள்.

மீரா உசேன்